செஷன் ஐடி: உருவாக்குவது ஒரு வரி, காப்பாற்றுவதுதான் வேலை

கடவுச்சொல்லைக் காப்பதற்கு எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். ஹாஷ் (திருப்பி எடுக்க முடியாத கலவையாக மாற்றுவது) செய்கிறார்கள், ஓடிபி அனுப்புகிறார்கள், சில முறை தவறினால் கணக்கையே பூட்டுகிறார்கள். ஆனால் பயனர் உள்ளே நுழைந்த மறுநொடியிலிருந்து இவை எதுவும் கேட்கப்படுவதில்லை. அதன் பிறகு சர்வர் பார்ப்பதெல்லாம் பிரவுசர் அனுப்பும் செஷன் ஐடியை, அதாவது இந்த லாகினுக்கென்று சர்வர் கொடுத்த அடையாளக் குறியை மட்டும்தான். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்து டோக்கன் மாதிரி: டோக்கனை யார் நீட்டுகிறாரோ அவருக்குச் செருப்பு, முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. இப்போது வந்த கோரிக்கையும் ஒரு நிமிடம் முன்பு வந்ததும் ஒரே ஆளுடையவை என்று அதற்குத் தெரியாது. 1994ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி குக்கீயைக் கொண்டுவந்தது இந்த மறதிக்கு மாற்றாகத்தான். லாகின் வெற்றியானதும் சர்வர் ஓர் ஐடியை உருவாக்கி, தன்னிடம் குறித்து வைத்துக்கொண்டு, பிரவுசரிடம் குக்கீயாகக் கொடுக்கும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டும்.

நீங்கள் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கில் செஷன் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுதாதீர்கள். அப்படியானால் இதை ஏன் படிக்க வேண்டும்? அந்த வசதியின் இயல்பு அமைப்புகள் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல என்பதால். உதாரணமாக, பிஎச்பியில் குக்கீக்கான செக்யூர், எச்டிடிபிஒன்லி, சர்வர் தான் உருவாக்காத ஐடியை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் ஆகிய மூன்றுமே இயல்பாக அணைந்த நிலையில்தான் வருகின்றன.

ஐடியை உருவாக்குதல்

ஐடிக்கு ஒரே ஒரு தகுதி போதும்: வெளியாளால் ஊகிக்க முடியக்கூடாது. அதற்குள் பயனர் எண்ணோ நேரமோ, அட்மினா இல்லையா என்ற விவரமோ எதுவும் இருக்கத் தேவையில்லை. அவை சர்வரிடம் இருக்கட்டும்.

புதியவர்கள் அதிகம் எழுதுவது இதுதான்: பயனர் எண்ணையும் அந்த நேரத்தையும் ஒட்டி எம்டி5 என்ற ஹாஷ் போடுவது. வெளியே வருவது 32 எழுத்துக் கலவை, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஒருவர் எந்த நொடியில் லாகின் செய்தார் என்று தெரிந்தால், மைக்ரோநொடி வரை எடுத்துக்கொண்டாலும் மிஞ்சுவது 10 லட்சம் சாத்தியங்கள்தான். கணக்கில் இது சுமார் 20 பிட். எம்டி5க்குப் பதில் ஷா-256 போட்டாலும் அந்த 10 லட்சம் கூடுவதில்லை. உள்ளே போவது ஊகிக்கக்கூடியதாக இருந்தால் எந்த ஹாஷும் அதைச் சரிசெய்யாது.

அடுத்த தவறு, சாதாரண ரேண்டம் செயற்கூறுகள். பைத்தானின் ரேண்டம் மாட்யூல் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையில் இயங்குகிறது. அதிலிருந்து தொடர்ச்சியாக 624 எண்கள் கிடைத்தால் அடுத்து வரப்போகும் எல்லா எண்களையும் கணித்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்டின் மேத்.ரேண்டமும் இந்த வேலைக்கு ஆகாது. விளையாட்டில் பகடை உருட்ட எழுதியவை இவை. யூயூஐடி என்ற தனித்துவ அடையாள எண்ணின் முதல் பதிப்பும் வேண்டாம், அது நேரத்தையும் நெட்வொர்க் கார்டின் முகவரியையும் வைத்துக் கட்டப்படுவது. நான்காம் பதிப்பில் 122 பிட் ரேண்டம் உண்டு; உங்கள் நூலகம் அதை வலுவான மூலத்திலிருந்து எடுக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் பரவாயில்லை.

இந்தத் தவறு புதியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1995ல் பெர்க்லியில் மாணவர்களாக இருந்த இயன் கோல்ட்பர்கும் டேவிட் வாக்னரும் நெட்ஸ்கேப்பின் குறியாக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அதன் ரகசிய எண்களுக்கு விதையாக இருந்தவை நேரமும், ஓடும் நிரல்களுக்கு இயங்குதளம் தரும் இரண்டு ப்ராசஸ் எண்களும்தான் என்று தெரிந்தது. டெபியன் லினக்ஸில் 2006ல் செய்த ஒரு திருத்தம் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் ரேண்டம் மூலத்தை ஏறக்குறைய காலிசெய்தது. ப்ராசஸ் எண் மட்டும் மிஞ்சியது, அதாவது அதிகபட்சம் 32,768 வகை. 2008 மே மாதத்தில்தான் இது வெளியே தெரிந்தது. வெளியே வரும் எழுத்துகள் குழப்பமாகத்தான் தெரிந்தன. பலவீனத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சரியான வழி ஒவ்வொரு மொழியிலும் ஒரு வரிதான். பைத்தான் 3.6 முதல் சீக்ரெட்ஸ் மாட்யூலில் டோக்கன்_யூஆர்எல்சேஃப். பிஎச்பி 7 முதல் ரேண்டம்_பைட்ஸ். நோடில் கிரிப்டோ மாட்யூலின் ரேண்டம்பைட்ஸ். ஜாவாவில் செக்யூர்ரேண்டம், கோ மொழியில் கிரிப்டோ/ரேண்ட். இவை எல்லாம் கடைசியில் இயங்குதளம் தரும் வலுவான ரேண்டம் மூலத்தையே நம்பியிருக்கின்றன. அழைப்பு தோல்வியடைந்தால் என்ன செய்வது என்று யோசித்து, சாதாரண ரேண்டமுக்குத் திரும்பும்படி ஒரு மாற்று வழி எழுதி வைக்காதீர்கள். லாகின் நடக்காமல் பிழை காட்டட்டும், அது தேவலை.

எத்தனை பைட்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் தளத்தில் ஒரே நேரத்தில் 1 லட்சம் பேர் லாகினில் இருக்கிறார்கள், தாக்குபவர் நொடிக்கு 10,000 ஐடிகளை முயல்கிறார் என்று வையுங்கள். யாருடையதாவது ஒன்று கிடைத்தால் அவருக்குப் போதும். ஐடி 32 பிட் என்றால் சராசரியாக 4 நொடியில் கிடைத்துவிடும். 64 பிட் என்றால் ஏறக்குறைய 585 ஆண்டுகள். வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப், அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி ஆகியவற்றின் வழிகாட்டுதல்கள் குறைந்தபட்சம் 64 பிட் என்று சொல்வதற்குப் பின்னால் இப்படியான கணக்குதான் இருக்கிறது. நீங்கள் 16 பைட்டுக்கு, அதாவது 128 பிட்டுக்குக் கீழே போகாதீர்கள். 32 பைட் எடுத்தாலும் செலவு ஒன்றுமில்லை. 16 பைட்டை ஹெக்ஸில் எழுதினால் 32 எழுத்து, 32 பைட்டை பேஸ்64ல் எழுதினால் 43 எழுத்து. நீளமாக இருக்கிறதே என்று முதல் 8 ஹெக்ஸ் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் திரும்பவும் 32 பிட்டுக்கு, அந்த 4 நொடிக்கு வந்துவிடுவீர்கள்.

இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும் லூப் எதுவும் தேவையில்லை. டேட்டாபேஸ் நெடுவரிசையில் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். என்றாவது ஒரு நாள் அது மோதினால் அமைதியாக இன்னோர் ஐடி எடுத்துத் தொடராதீர்கள். 128 பிட்டில் மோதல் வருகிறதென்றால் ரேண்டம் மூலமே கெட்டிருக்கிறது என்று பொருள். எச்சரிக்கை அடித்து நிறுத்துங்கள்.

சர்வரில் சேமித்தல்

ஒரு டேபிள் போதும். ஐடியின் ஹாஷ், பயனர் எண், உருவான நேரம், கடைசியாகப் பயன்பட்ட நேரம், முடிவு நேரம், எந்தச் சாதனம் என்று பயனருக்குக் காட்ட ஒரு குறிப்பு. ஐடியை அப்படியே வைக்காமல் ஹாஷாக வைப்பதற்குக் காரணம், பேக்கப் கோப்போ டேட்டாபேஸோ கசிந்தால் அதில் இருக்கும் ஐடியை எடுத்துக் குக்கீயில் போட்டு யாரும் நுழைந்துவிடக்கூடாது என்பதுதான். பல ஃப்ரேம்வொர்க்குகள் இதைச் செய்வதில்லை. சொந்தமாக எழுத நேர்ந்தால் நீங்கள் செய்யுங்கள். கடவுச்சொல்லுக்குப் போடும் பிகிரிப்ட் போன்ற மெதுவான ஹாஷ் இங்கே வேண்டாம். மனிதர் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொல் பலவீனமானது, அதனால் மெதுவான ஹாஷ். 128 பிட் ரேண்டமை ஊகித்து முயலவே முடியாது, ஷா-256 போதும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிகிரிப்ட் ஓடினால் சர்வர்தான் திணறும்.

செஷனை நிரலின் நினைவகத்தில் வைத்தால், புதிய பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு டெப்ளாய்க்கும் எல்லோரும் வெளியே போவார்கள். இரண்டு ப்ராசஸ் ஓடினால் ஒரு பக்கம் லாகினாகவும் அடுத்த பக்கம் லாக்அவுட்டாகவும் மாறிமாறித் தெரியும். டேட்டாபேஸ் அல்லது ரெடிஸ் போன்ற வேகமான தனிச் சேமிப்பகம் பயன்படுத்துங்கள்.

மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: செஷன் கோப்புகள் போகும் அடைவு மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பொதுவாக இருந்தால், அவர்களால் உங்கள் பயனர்களின் ஐடிகளைப் பார்க்க முடியலாம், ஏனெனில் கோப்பின் பெயரிலேயே ஐடி இருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அதே அடைவைப் பயன்படுத்தும் வேறொரு தளம் குறைந்த ஆயுளை அமைத்திருந்தால், அதன் துப்புரவு ஓடும்போது உங்கள் கோப்புகளும் சேர்ந்து அழியும். அமைப்பில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறேன், ஏன் பத்து நிமிடத்தில் வெளியே தள்ளுகிறது என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. செஷன்.சேவ்_பாத் அமைப்பில் உங்களுக்கென்று தனி அடைவு கொடுங்கள்.

குக்கீயில் அனுப்புதல்

ஐடியை யூஆர்எல்லில் போடவே போடாதீர்கள். பயனர் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பினால் கணக்கையே அனுப்பியதாக ஆகும். பிரவுசர் வரலாறு, சர்வர் லாக், ரெஃபரர் ஹெடர் என்று அது ஒட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. லோக்கல்ஸ்டோரேஜும் பரிந்துரைக்கத் தக்கதல்ல. பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்ட்டும் அதைப் படிக்கலாம்.

குக்கீயில் வைக்கும்போது நான்கு குறிப்புகள் முக்கியம்.

செக்யூர் போட்டால் குக்கீ எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் போகும். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, ஒரே வைஃபையில் இருப்பவர்களின் செஷன் குக்கீகளை ஒரு சொடுக்கில் எடுத்துக் காட்டியது. அப்போது பெரிய தளங்கள்கூட லாகின் பக்கத்தை மட்டும் எச்டிடிபிஎஸ்ஸில் வைத்துவிட்டு மற்றவற்றைத் திறந்து விட்டிருந்தன. நடைமுறையில் ஒரு சிக்கல்: என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸிக்கு (கோரிக்கைகளை முன்னால் வாங்கி உங்கள் நிரலுக்குக் கடத்தும் சர்வர்) பின்னால் உங்கள் நிரல் ஓடினால், ப்ராக்ஸிக்கும் நிரலுக்கும் இடையே சாதாரண எச்டிடிபிதான் இருக்கும். நோடின் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க் இதைப் பார்த்து, பாதுகாப்பில்லாத இணைப்பு என்று நினைத்துக் குக்கீயையே அனுப்பாது. லாகின் வெற்றி, ஆனால் உள்ளே போகவில்லை என்ற புகார் இப்படித்தான் வரும். செக்யூரை அணைப்பது இதற்குத் தீர்வல்ல. டிரஸ்ட் ப்ராக்ஸி அமைப்பைச் சரியாகக் கொடுங்கள், ப்ராக்ஸியும் எக்ஸ்-ஃபார்வேர்டெட்-புரோட்டோ ஹெடரை அனுப்புகிறதா என்று பாருங்கள்.

எச்டிடிபிஒன்லி போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் ஐடியைப் படிக்க முடியாது. பக்கத்தில் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை (வெளியாளின் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓட இடம் தருவது) இருந்தால் தாக்குபவரின் நிரல் ஐடியைத் திருட முடியாது, ஆனால் பயனரின் பிரவுசரிலிருந்தே கோரிக்கைகளை அனுப்ப முடியும். ஆகவே இதை நம்பி எக்ஸ்எஸ்எஸ்ஸை விட்டுவிடக் கூடாது.

டொமைன் குறிப்பை எழுதாமல் விடுங்கள். எழுதினால் குக்கீ எல்லாத் துணை டொமைன்களுக்கும் போகும்; மறந்துபோன பழைய பிளாக் துணை டொமைன் ஒன்று ஹேக் ஆனால் அதோடு லாகின்களும் போயின. குக்கீயின் பெயரை __ஹோஸ்ட்- என்ற முன்னொட்டோடு தொடங்கினால், செக்யூர் இருக்கிறதா, பாத் வெறும் சாய்கோடுதானா, டொமைன் இல்லாமல் இருக்கிறதா என்று பிரவுசரே சரிபார்த்து, இல்லையென்றால் குக்கீயை ஏற்காது.

வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்லும் சேம்சைட்தான் இந்தியச் சூழலில் அதிகம் தலைவலி தருவது. ஸ்ட்ரிக்ட் என்று வைத்தால், மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கி உள்ளே வரும் பயனர் லாக்அவுட் ஆனவராகத் தெரிவார். லாக்ஸ் என்று வைத்தால் அது சரியாகும், ஆனால் பேமெண்ட் கேட்வே இடறும். பணம் கட்டி முடித்ததும் கேட்வே உங்கள் தளத்துக்கு போஸ்ட் முறையில் பயனரைத் திருப்பி அனுப்பினால், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டோடு லாக்ஸ் குக்கீ வராது. உங்கள் நிரல் குக்கீயைக் காணவில்லையே என்று புதிய செஷன் தொடங்கி, புதிய குக்கீயைப் பழையதன் மேல் எழுதிவிடும். பணம் போய்விட்டது, லாகினும் போய்விட்டது.

இது சோதனையில் பிடிபடாததற்கும் காரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் எழுதாத குக்கீயை லாக்ஸ் என்றே குரோம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆனால் அப்படிப்பட்ட குக்கீ உருவாகி 2 நிமிடம் வரை போஸ்ட்டையும் அனுமதிக்கும் ஒரு சலுகையை வைத்தது. நிரல் எழுதியவர் லாகின் செய்து உடனே பணம் கட்டிப் பார்க்கிறார், வேலை செய்கிறது. வாடிக்கையாளர் பத்து நிமிடம் பொருள் பார்த்துவிட்டுக் கட்டுகிறார், வெளியே விழுகிறார். எனவே மதிப்பை வெளிப்படையாக லாக்ஸ் என்றே எழுதுங்கள். கேட்வே திரும்பி வரும் அந்த ஒரு முகவரியில் செஷனைத் தொடங்கவே தொடங்காதீர்கள். கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணை வைத்துப் பதிவு செய்துவிட்டு, 303 என்ற திருப்பிவிடும் பதில் மூலம் முடிவுப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். அந்தக் கெட் கோரிக்கையோடு லாக்ஸ் குக்கீ வந்து சேரும். இதற்காகச் சேம்சைட்டை நன் (எங்கிருந்து வந்தாலும் குக்கீயை அனுப்பு) என்று தளர்த்த வேண்டாம். அது சிஎஸ்ஆர்எஃப்புக்கு, அதாவது பயனர் அறியாமல் வேறு தளம் அவர் பெயரில் கோரிக்கை அனுப்பும் தாக்குதலுக்கு, கதவைத் திறப்பது.

லாகின் நொடியில் ஐடியை மாற்றுதல்

பல தளங்கள் லாகினுக்கு முன்பே, கூடையில் பொருள் சேர்க்கவோ வேறு எதற்கோ, ஒரு செஷன் ஐடியைக் கொடுத்துவிடும். லாகின் ஆன பிறகும் அதே ஐடியைத் தொடர்ந்தால் சிக்கல். தாக்குபவர் தனக்குத் தெரிந்த ஐடியை முன்கூட்டியே பயனரின் பிரவுசரில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்; பயனர் தானாகவே கடவுச்சொல்லையும் ஓடிபியையும் போட்டு அந்த ஐடிக்கு உயிர் கொடுப்பார். திருடவோ ஊகிக்கவோ தேவையே இல்லை. செஷன் ஃபிக்ஸேஷன் என்ற பெயரில் 2002ல் மித்யா கோல்ஷெக் இதை விரிவாக எழுதினார்.

தீர்வு: கடவுச்சொல் சரியானதும் புதிய ஐடி, பழையது செல்லாது. பிஎச்பியில் செஷன்_ரீஜெனரேட்_ஐடி, கூடவே செஷன்.யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட் 1. எக்ஸ்பிரஸில் ரெக்.செஷன்.ரீஜெனரேட். ஜாங்கோவும் ஸ்பிரிங் செக்யூரிட்டியும் தாங்களே செய்துகொள்கின்றன. நோடில் பாஸ்போர்ட் நூலகம் 2022ல் வந்த 0.6 பதிப்பில்தான் இதைத் தானாகச் செய்யத் தொடங்கியது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் மேம்படுத்துங்கள். ஓடிபிக்குப் பிறகும், கடவுச்சொல் மாற்றத்துக்குப் பிறகும், சாதாரணப் பயனர் அட்மின் பகுதிக்குள் போகும்போதும் இதையே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐடியை மாற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும். வேண்டாம். ஒரே பக்கத்திலிருந்து நான்கு கோரிக்கைகள் ஒன்றாகப் புறப்படும்; முதலாவது ஐடியை மாற்றிவிட்டால் மற்ற மூன்றும் செல்லாத ஐடியோடு வந்து நிற்கும். இணைப்பு மோசமான மொபைலில் பதில் வந்து சேராமலே போனால் புதிய ஐடி பிரவுசருக்குக் கிடைப்பதே இல்லை.

ஐபி முகவரியோடு ஐடியைக் கட்டிவைப்பதும் இதே வகை. வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஐபி மாறும். மாறினால் பதிவு செய்யுங்கள். பணம் அனுப்புவது போன்ற செயலுக்கு மட்டும் கடவுச்சொல்லை மீண்டும் கேளுங்கள்.

ஆயுள்

இரண்டு கடிகாரங்கள் வேண்டும்: பயன்படுத்தாமல் இருந்தால் முடியும் நேரம், எப்படிப் பயன்படுத்தினாலும் முடியும் நேரம். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரு காரணி லாகின் தேவைப்படும் நடுத்தர நிலைக்கு 30 நிமிட ஓய்வு, 12 மணி நேர உச்சம் என்று வைத்தது. அலுவலக மென்பொருளுக்கு இது நல்ல தொடக்கம். கதை படிக்கும் தளத்துக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. ஜாங்கோவின் இயல்பு ஆயுள் 2 வாரம்.

இரண்டையும் சர்வரில் சரிபார்க்க வேண்டும். குக்கீயின் மேக்ஸ்-ஏஜ் நல்ல பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே, திருடியவர் அதை மதிக்கப்போவதில்லை. பிஎச்பியின் செஷன்.ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் இயல்பாக 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அதைக் காலாவதி நேரம் என்று நம்பாதீர்கள்; துப்புரவு செய்பவருக்கு எது குப்பை என்று சொல்லும் எண் அது, துப்புரவு எப்போது நடக்கும் என்பது வேறு அமைப்புகளைப் பொறுத்தது. நேரத்தைச் செஷனுக்குள் எழுதி நீங்களே ஒப்பிடுங்கள். கடைசிப் பயன்பாட்டு நேரத்தை ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுதினால் டேட்டாபேஸ் சுமையாகும். எழுதியது 1 நிமிடத்துக்கு மேல் பழையதானால் மட்டும் புதுப்பித்தால் போதும்.

லாக்அவுட்

குக்கீயை அழிப்பது லாக்அவுட் அல்ல. சர்வரில் அந்த வரிசையை நீக்க வேண்டும், பிறகு குக்கீயை அழிக்க வேண்டும். அழிக்கும்போது பெயர், பாத், டொமைன் மூன்றும் வைத்தபோது இருந்தது போலவே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பழைய குக்கீ அப்படியே இருக்கும். கடவுச்சொல் மாறினால் அந்தப் பயனரின் மற்ற எல்லாச் செஷன்களையும் நீக்குங்கள். ஜேடபிள்யூடியை, அதாவது பயனர் விவரங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கையொப்பமிட்ட டோக்கனை, மட்டும் வைத்து லாகின் நடத்துபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்: சர்வரில் எதுவும் இல்லாததால் நீக்குவதற்கும் எதுவும் இல்லை, டோக்கன் தானாகக் காலாவதியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

கசியும் இடங்கள்

பிழை தேடுவதற்காக ஹெடர்கள் முழுவதையும் லாகில் எழுதினால் குக்கீயும் அதோடு போகும். லாகில் ஒரு செஷனை அடையாளம் காண வேண்டுமென்றால் ஐடியின் ஹாஷிலிருந்து சில எழுத்துகளை எழுதுங்கள். பிரவுசர் தன் கோரிக்கைகளையும் பதில்களையும் பதிந்து தரும் எச்ஏஆர் கோப்பும் இதே ஆபத்துதான். 2023ல், லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்பில் நுழைந்தவர்கள், அங்கே பதிவேற்றப்பட்ட எச்ஏஆர் கோப்புகளுக்குள் இருந்த செஷன் டோக்கன்களை வைத்து வாடிக்கையாளர்களின் செஷன்களைக் கைப்பற்றினார்கள். லாகினுக்குப் பின்னுள்ள பக்கங்களுக்கு கேச்-கண்ட்ரோல் நோ-ஸ்டோர் கொடுங்கள். பக்கங்களின் நகலை வைத்து வழங்கும் சிடிஎன், குக்கீ வைக்கும் ஹெடரோடு ஒரு பதிலைச் சேமித்துவிட்டால் அடுத்து வருபவருக்கெல்லாம் ஒரே ஆளின் செஷன் கிடைக்கும்.

சோதித்துப் பார்த்தல்

டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, லாகினுக்கு முன் குக்கீயின் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். லாகினுக்குப் பின் அது மாறியிருக்க வேண்டும். பழைய மதிப்பை வேறொரு பிரவுசரில் போட்டால் உள்ளே விடக்கூடாது. நீங்களே இட்டுக்கட்டிய ஒரு மதிப்பைப் போட்டால், சர்வர் அதை ஏற்காமல் வேறு ஐடி தர வேண்டும். அடுத்து, லாகின் ஆன ஐடியைப் பிரதி எடுத்துக்கொண்டு லாக்அவுட் செய்யுங்கள். அந்த ஐடியைக் கையால் குக்கீயில் போட்டுப் பக்கத்தைத் திறங்கள். உள்ளே போனால் உங்கள் லாக்அவுட் வேலை செய்யவில்லை. இரண்டு பிரவுசரில் லாகின் செய்து ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றினால் மற்றொன்று வெளியே வர வேண்டும். பேமெண்ட் இருந்தால், லாகின் ஆகிக் குறைந்தது 3 நிமிடம் கழித்துக் கட்டிப் பாருங்கள். கடைசியாக, சர்வரின் லாக் கோப்பில் உங்கள் ஐடியின் முதல் பத்து எழுத்தைத் தேடுங்கள். ஒரு வரிகூட வரக்கூடாது.